கறுப்பின் மேல் ஒரு பொட்டு வர்ணம்

கைத்துப்பாக்கியில் குறி பார்க்கும் இடம் எவ்வளவு சிறியது என்பது, அதைக் கையில் எடுத்துப் பழகாதவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. குழல் நுனியில் ஓர் இரும்புத் துண்டு நிற்கும். அகலம் 3 மில்லிமீட்டர் சொச்சம். அதுதான் முன் குறி; பேச்சில் நாங்கள் ஃபிரண்ட் சைட் என்போம். பின்னால் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்கு நடுவில் துண்டை நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு ஒரே அளவில் தெரிய வேண்டும். மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்கும்போது விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் குறி பார்ப்பது.

துண்டும் கறுப்பு, வெட்டும் கறுப்பு, சுடும் இலக்குக் காகிதத்தின் நடுவட்டமும் கறுப்பு. நல்ல வெயிலில், இளம் கண்ணுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மரங்களின் நிழலில், பொழுது சாயும் நேரத்தில், 50 வயதுக் கண்ணுக்கு அந்தத் துண்டு அங்கே இருப்பதே தெரியாது. அதற்குத்தான் முன் குறியில் வர்ணம் பூசுவது. சின்ன வேலைதானே என்று பலர் அவசரமாகத் தடவிவிட்டுப் போகிறார்கள். தப்பாகப் பூசினால் தோட்டா போய் விழும் இடமே மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் வரும் தோட்டத்து ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தது அப்போதுதான். இன்று அந்த வேலைக்குத் துணைப் போலீஸ் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் கீழ் நியமனம், சம்பளம் கம்பெனியுடையது. அப்படி ஒரு தோட்டக் கம்பெனியின் துணைப் போலீஸ் பிரிவில் ஆயுத அறை என் பொறுப்பு. பழக்குலைத் திருட்டு, ஆலை வாசல், இரவு ரோந்து: இவைதான் எங்கள் ஆட்களின் அன்றாடம். துப்பாக்கியை எடுக்கும் தேவை வராமலே பணி ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். அதுவே நல்லது. ஆனால் வருடா வருடம் சுடுதளத்தில் போய்த் தகுதி காட்ட வேண்டும். அங்கேதான் கண்ணின் கதை வெளியே வரும்.

எங்களிடம் இருப்பது .38 ரிவால்வர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்றால் இந்தத் துறையில் தெரியாதவர் இல்லை. 1899இல் தொடங்கிய வம்சம், மாடல் 10 என்ற எண் 1957இல் வந்தது. மலேசியப் போலீஸ்காரர்களின் இடுப்பிலும் நெடுங்காலம் இருந்த ஆயுதம். அதன் முன் குறி, குழலிலிருந்தே எழும் ஒரு சரிவு. கண்ணில் வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் இருக்க, அந்தச் சரிவின் முகத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் வெட்டியிருக்கும். பின் குறி என்று தனியாக எதுவும் கிடையாது. துப்பாக்கியின் உடற்பகுதியான இரும்புச் சட்டகத்தின் மேல்முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். இன்றைய பிஸ்டல்களில் முன் குறி பெரும்பாலும் வெள்ளைப் புள்ளியோடு வரும், பிடிக்காவிட்டால் கழற்றி வேறு மாட்டலாம். மாடல் 10இல் கழற்ற எதுவும் இல்லை. வர்ணம் ஒன்றுதான் கைக்கு எட்டிய வழி.

சரி, கண்ணுக்கு வருவோம். கையை நீட்டித் துப்பாக்கியைப் பிடித்தால் முன் குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பின் குறி அதைவிடக் கிட்டே, காகிதம் 25 மீட்டரில். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்லித்தருவது, முன் குறியைத் தெளிவாகப் பார், மற்ற இரண்டும் மங்கட்டும் என்பதே. 25 வயதில் இது தானாக நடக்கும். 40 தாண்டினால் கண்ணின் வில்லை விறைக்கத் தொடங்கும். பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயது அது. நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்களே, அதேதான். எங்கள் பிரிவில் பாதிப்பேருக்கு மேல் அந்த வயதைத் தாண்டியவர்கள். வாலிபப் பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். தோட்டக் காவலுக்கு நிற்பது அவர்களுடைய அப்பாமார்கள்.

"அண்ணே, குழல் தெரியுது, குறி தெரியல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல சுடுகாரர், கை கொஞ்சமும் ஆடாது. காலையில் சுட்டபோது அவருக்குக் குறை ஏதும் இல்லை. மழை மேகம் கட்டிய பிறகு சுட்ட சுற்றில்தான் தோட்டாக்கள் சிதறின. இதற்குக் காரணம் எளிது. வெயிலில் கண்ணின் பாவை சுருங்குகிறது. சுருங்கிய பாவை வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஓரளவு சேர்ந்தே தெளிகின்றன. இருட்டினால் பாவை விரிகிறது, மங்கலும் கூடவே பெருகுகிறது. வெள்ளெழுத்துக்காரர்களுக்குப் பகல் 12 மணிக்குத் தெரிகிற எழுத்து சாயங்காலம் தெரியாமல் போவதும் இதனால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வர்ணம் மங்கலைத் தீர்க்காது. மங்கலான கறுப்பு மங்கலான மஞ்சளாகும், அவ்வளவுதான். மங்கலுக்கு மருந்து கண்ணாடி. 1.5 டயாப்டர் பவர் உள்ள வில்லை, தூரப்பார்வை சரியாக உள்ள கண்ணை 67 சென்டிமீட்டரில் தெளிய வைக்கும். ஏறக்குறைய முன் குறி நிற்கும் இடம் அது. கண் மருத்துவரிடம் போகும்போது, "டாக்டர், எனக்கு இவ்வளவு தூரத்தில் தெரியணும்" என்று கையை நீட்டி அளந்து காட்டச் சொல்கிறேன். படிக்கிற கண்ணாடி இன்னும் கிட்டத்துக்குச் செய்தது, அது ஒத்துவராது. வர்ணத்தின் வேலை வேறு. கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அது அழைக்கிறது. துப்பாக்கியை உயர்த்திய உடனே, தேடாமல், அந்த இடத்துக்குக் கண் போய்ச் சேர்கிறது.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் இருக்கிறது. எல்லோரும் என்ன நிறம் என்று கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வர்ணம் எங்கே முடிகிறது என்பதை. முன் குறியின் மேல்விளிம்புதான் குறி. வர்ணம் அழைத்த இடத்துக்குக் கண் போகும், போன பிறகு வர்ணத்தின் விளிம்பையே இரும்பின் விளிம்பாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால், சுடுபவர் தனக்குத் தெரியாமலே தப்பான உயரத்தில் குறி வைக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 16 சென்டிமீட்டர் இருக்கிற கைத்துப்பாக்கி என்று வையுங்கள். 25 மீட்டர் என்பது அதைப்போல 156 மடங்கு. முன் குறியின் உச்சியில் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு வர்ணம் ஏறி உட்கார்ந்தால், அந்த உச்சியைப் பின் குறியோடு மட்டமாக்க குழல் அந்த அளவு தாழும்; தோட்டா 15 மில்லிமீட்டருக்கு மேல் கீழே விழும். நகப்பூச்சை இரண்டு மூன்று முறை தடித்துத் தடவினால் இந்தக் கனம் தாராளமாக வந்துவிடும். இதற்கு நேர்மாறாக, வர்ணத்தை உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தினால் என்ன ஆகும்? வெயிலில் ஒன்றும் ஆகாது, மேலே உள்ள கறுப்புப் பட்டை தெரியும். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பட்டை காணாமல் போகும். வர்ணத்தின் உச்சியைப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரக் குழலை உயர்த்துவார்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது 25 மீட்டரில் 15 சென்டிமீட்டருக்கு மேல். ஆள் நல்ல சுடுகாரராக இருந்தும் எல்லாத் தோட்டாவும் மேலே போனால், நான் கையைப் பார்ப்பதற்கு முன்னால் பூச்சைப் பார்க்கிறேன்.

பக்கவாட்டிலும் இதே கதை. இரண்டு ஓரங்களில் வர்ணம் வழிந்தால் துண்டு தடிக்கும், வெளிச்சக் கோடு இளைக்கும். ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் கோடு இரண்டும் சமமாகத் தெரியாது. ஆகவே சுடுபவர் பார்க்கும் முகம் மட்டும், உச்சி விளிம்பைத் தொட்டு நிற்கும்படி, தாண்டாமல். என் கட்சி இதுதான்.

இனி நிறம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று படுவது மஞ்சள் கலந்த பச்சை, 555 நானோமீட்டர் அலைநீளம். இருட்ட இருட்ட இந்த உச்சம் நீலப்பச்சைப் பக்கம், 507 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நம் வீட்டு வாசல் செம்பருத்தியை மாலையில் பார்த்தால் போதும்: பூ கறுத்துப்போயிருக்கும், இலை வெளிறித் தெரியும். அதனால் சுத்தச் சிவப்பை நான் பூசுவதில்லை. கடையில் பார்க்க எடுப்பாக இருக்கும், ரோந்து தொடங்கும் நேரத்தில் அது வெறும் கறுப்பு. சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படும் ஆண்களும் கணிசமாக உண்டு. அவர்களுக்குச் சிவப்பு பகலிலேயே உதவாது.

மிச்சம் இருப்பவை ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சை, வெள்ளை. ஒளிரும் வர்ணம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கி, தன் நிறத்தில் திருப்பிக் கொடுக்கிறது. மேகமூட்டமான வானத்திலும் அது ஜொலிப்பது அதனால்தான். நம் ஊரில் மதியத்துக்கு மேல் மழை கட்டாத நாள் குறைவு, ஆகவே இந்தக் குணம் இங்கே நன்றாகப் பயன்படுகிறது. ஆரஞ்சா பச்சையா என்பதற்குப் பின்னணியைப் பார்க்க வேண்டும். செம்பனைக்குள் பச்சை எடுபடாது. மட்டையும் புல்லும் அதை விழுங்கிவிடும், ஆரஞ்சு தனியாக நிற்கும். சுடுதளத்தில் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது செம்மண் மேடு. அங்கே ஆரஞ்சு மண்ணோடு மண்ணாகிவிடும், பச்சை ஜம்மென்று தெரியும். தகுதிச் சுடுதலுக்காக மட்டும் நிறம் தேர்ந்தெடுத்தால் பச்சை. வேலைக்கு என்றால் ஆரஞ்சு. நான் வேலையின் பக்கம்.

ஆலை வாசல் காவலுக்கு இரண்டும் இல்லை. அங்கே இன்னும் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எரிகிறது. அந்த ஒளியில் புற ஊதாவும் நீலமும் இல்லையென்றே சொல்லலாம், ஒளிரும் பச்சைக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது, மங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். சாதாரண வெள்ளை அங்கே பளிச்சென்று தெரிகிறது. அந்த வாசலில் நிற்பவர்களின் ரிவால்வர்களுக்கு வெள்ளைதான் பூசியிருக்கிறேன்.

எந்த நிறமானாலும் அதன்மேல் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். சுடுதளத்தில் நாம் தகரக் கூரைக்குக் கீழே நிழலில் நிற்கிறோம், காகிதம் வெயிலில் நிற்கிறது. முன் குறியின் முகம் நம்மைப் பார்த்து இருப்பதால் அது நிழலில். பின்னால் இருந்து வெளிச்சம் வராவிட்டால் ஆரஞ்சும் பாதி கறுப்புதான். கூரையின் முன் ஓரத்துக்கு ஒரு அடி நகர்ந்து நின்று பாருங்கள், அதே குறி வேறு மாதிரி தெரியும். முழு இருட்டில் வர்ணத்தால் ஒரு பயனும் இல்லை. அதற்கு ட்ரிட்டியம் வாயு அடைத்த குறிகள் உண்டு. அவை தாமாக ஒளிவிடும், 12.3 வருடத்தில் பாதியாகத் தேயும், கதிரியக்கப் பொருள் வேறு. மாடல் 10இன் இரும்பை வெட்டாமல் துளைக்காமல் அதைப் பொருத்த வழியும் இல்லை, விட்டுவிடுகிறேன்.

வர்ணமே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. போட்டியில் 25 மீட்டர் காகிதத்தின் நடுவட்டக் கறுப்பு 200 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீட்டர். அந்த ஐம்பதுக்குள் போட வேண்டியவருக்கு வேகம் தேவையில்லை, கூர்மையான விளிம்பு தேவை. வெள்ளைக் காகிதத்தின் எதிரே கறுப்பு விளிம்பைப்போலக் கூர்மை எதற்கும் இல்லை. அதனால் அவர்கள் நடுவட்டத்துக்குக் கீழே வெள்ளையில் குறி வைத்து, முன் குறியை இன்னும் கறுப்பாக்குவார்கள். புகைக்கரியால். அந்தக் கரிக்கு கார்பைட் விளக்கு. அதைத் தோட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கட்டிக்கொண்ட விளக்குதான். கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் அசெட்டிலின் வாயு, அது எரியும்போது அடர்த்தியான கரி. எனக்குத் துப்பாக்கி பழக்கிய சார்ஜன், பால் வெட்டிய தன் அம்மாவின் விளக்கை வைத்திருந்தார். தோட்டா இல்லாத ரிவால்வரின் முன் குறியை அந்தச் சுடர் நுனிக்கு மேலே ஒரு விநாடி காட்டி எடுப்பார். வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பு படியும். விரல் பட்டால் போய்விடும். வெயிலில் துளியும் மினுங்காது. காகிதத்தில் மட்டும் சுடுபவர் என்றால் அதையே நானும் சொல்வேன். ரோந்து போகிறவருக்கு அது சரிப்படாது.

பூசும் முறை. முதலில் சிலிண்டரைத் திறந்து, ஆறு தோட்டாக் குழியையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வர்ணம் பூசும் அறைக்குள்ளேயே தோட்டாக்கள் இருக்கக்கூடாது. குழல் வாயை ஒரு துணித் துண்டால் அடைத்துவிடுகிறேன், சொட்டு உள்ளே போகாது. வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து. அடைத்த குழலோடு சுட்டால் குழலே வெடிக்கும்.

அப்புறம் சுத்தம். முன் குறியின் குறுக்குக் கோடுகளுக்குள் வருடக்கணக்கான எண்ணெய் இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை நிறுத்தக்கூடாது. பூச்சு உரிந்து வருவதற்கு இங்கே விட்ட எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். இரும்புக்கு அசிட்டோனும் சரி. பிளாஸ்டிக் குறி உள்ள பிஸ்டலுக்கு அசிட்டோன் ஆகாது, அது பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

முதல் பூச்சு எப்போதும் வெள்ளை. ஒளிரும் வர்ணங்கள் பாதி ஊடுருவித் தெரிபவை. கறுப்பு இரும்பின் மேல் நேராகப் பூசினால் அழுக்கு நிறமாக வரும். வெள்ளைக்கு மேல் பூசினால்தான் அதன் உண்மையான நிறம் தெரியும். தூரிகை வேண்டாம், பல்குச்சி போதும். நுனியில் ஒரு சிறு துளி எடுத்து, முகத்தின் நடுவில் வைத்து, ஓரங்களுக்குத் தள்ள வேண்டும். துளி தானாகவே கோடுகளின் பள்ளத்துக்குள் ஓடும். உச்சி விளிம்புக்கு வந்ததும் குச்சியை நிறுத்தி, குழல் நுனியைச் சற்று உயர்த்திப் பிடித்தால் வர்ணம் விளிம்பைத் தாண்டி வழியாது. தாண்டியதை அது காய்வதற்கு முன்பே, ஆல்கஹால் தொட்ட துணியை நகத்தில் சுற்றி, பக்கத்திலிருந்து பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். பொம்மை விமானங்களுக்குப் பூசுகிற எனாமல் நல்லது, ஈப்போவில் கிடைக்கிறது. நகப்பூச்சும் பாதகமில்லை. ஆனால் மழை பெய்து ஈரம் கனத்திருக்கும் நேரத்தில் நகப்பூச்சைப் பூசாதீர்கள். வேகமாக உலரும்போது அது காற்றின் ஈரத்தை இழுத்து மேலே பால்போலப் பூத்துவிடும், நிறம் செத்துவிடும். நான் மழை பெய்யாத காலை நேரத்தில் பூசி, மறுநாள்தான் அடுத்த பூச்சுக்குப் போகிறேன். மெல்லிதாக வெள்ளை, மெல்லிதாக நிறம், அதற்கு மேல் தெளிவான வார்னிஷ் ஒரு தொடல். வெயிலில் ஒளிரும் நிறம் சீக்கிரம் வெளுக்கும். அது இயல்பு, வெளுத்தால் திரும்பப் பூச வேண்டியதுதான்.

யார் பூசலாம் என்பதும் இருக்கிறது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது. உரிமமோ அதிகாரமோ இல்லாதவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊரில் நல்லா வர்ணம் அடிக்கிறவர் இருக்கிறார் என்று அவரிடம் கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது. வேலை ஆயுதம் என்றால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி, பதிவேட்டில் ஒரு வரி, பூசுவது ஆயுத அறையில், பூசுபவர் அதற்குப் பொறுப்பானவர். தன் கையாலேயே பூசிக்கொள்ள ஆசைப்படும் தம்பிமார்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். கேட்டால் நானே பூசித் தருகிறேன், நிறத்தை மட்டும் சொல்லுங்கள்.

பூசி முடித்த துப்பாக்கி சுட்டுப் பார்க்காமல் வேலைக்குப் போகக்கூடாது. 7 மீட்டரில் சுட்டுச் சரியென்று சொல்லிவிடுகிறார்கள், அந்தத் தூரத்தில் பூச்சின் பிழை ஒன்றும் தெரியாது. 25 மீட்டரில், கையை மணல் மூட்டை மேல் தாங்கி, அதே தோட்டாவால், பூசுவதற்கு முன்னும் பின்னும் சுட்ட காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பகலில் ஒரு முறை, சுடுதளம் அனுமதிக்கிற கடைசி வெளிச்சத்தில் ஒரு முறை. காகிதத்தில் தோட்டாத் துளைகளின் கூட்டம் கீழே இறங்கியிருந்தால் உச்சியில் பூச்சு ஏறியிருக்கிறது: அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேல்விளிம்பை மட்டும் துடைத்து இரும்பைக் காட்டுங்கள். மங்கிய வெளிச்சத்தில் மட்டும் மேலே ஏறினால் வர்ணம் விளிம்புக்கு முன்னமே நின்றுவிட்டது: பல்குச்சி நுனியால் இன்னும் ஒரு துளி, விளிம்பு வரை.